மூன்றாம் ஓலை

மூன்றாம் ஓலைக்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி. இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் பரிசோதனை அறையில் ஸ்டெபி, கண்ணாடித் தட்டில் முளைத்திருந்த பாக்டீரியாப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நூற்றுப்பதினாறில் இருக்கும்போது போன் அடித்தது. தெரியாத எண். எண்ணிய இடம் மறந்துவிடாமல் தட்டின் அடியில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு எடுத்தாள்.

"ஸ்டெபியா?"

"ஆமா. யாரு?"

எதிர்ப்பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது.

"நான் இனிகோ," என்றது குரல். அது போதாது என்று பட்டதோ என்னவோ, "வேம்பாரு இனிகோ. உங்க அப்பா," என்று சேர்த்துக்கொண்டது.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு முறை இதே குரல் வந்தது. அன்றைக்கு "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டாள். இன்றைக்கு அப்படிச் சொல்ல வழியில்லை. ஸ்டெபிதான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டாயிற்று.

"ஜாக்சன் சித்தப்பாதான் நம்பர் குடுத்தான். உனக்குக் கல்யாணம்னு சொன்னான். ஏளா, நான் கல்யாணத்துக்கெல்லாம் வரல, பயப்படாத. கடசி ஓலை ஞாயித்துக்கிழமதான? அத மட்டும் கேட்டுட்டுப் போயிருதேன். எம் பேர வாசிக்கும்போது கோயிலுக்குள்ள இருக்கணும். அவ்வளவுதான். பின்னால பெஞ்சில இருந்துட்டு, பூசை முடியதுக்குள்ள வெளிய வந்திருதேன். உங்க அம்மைக்குக்கூடத் தெரியாது."

"சரி," என்றாள்.

"சரின்னா? வரட்டுமா?"

"ம்."

போனை வைத்தபிறகு தட்டைப் பார்த்தாள். கோடு இருந்தது. எதுவரை எண்ணியதற்கு அந்தக் கோடு என்பது மறந்துபோயிருந்தது.

கல்யாணம் முடிவானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்லுங்கள் என்று. ஓலை என்பதெல்லாம் பேருக்குத்தான். இப்போது அது கம்ப்யூட்டரில் அடித்த காகிதம். ஆனாலும் கடற்கரைக்காரர்களுக்கு அது பெரிய விஷயம். பெண்ணின் தகப்பன் அன்றைக்குத் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு முன்னால் உட்கார்ந்திருப்பான். தன் பேரை வாசிக்கும்போது எதுவும் கேட்காதவன் மாதிரி பீடத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். பூசை முடிந்து வெளியே வந்ததும் நாலு பேர் வந்து கையைப் பிடிப்பார்கள்.

ஸ்டெபிக்கு இரண்டு ஓலை முடிந்துவிட்டது. இரண்டு தடவையும் ஒலிபெருக்கியில் வந்தது இதுதான்: "காலஞ்சென்ற சந்தன இனிகோ, பிளாரன்ஸ் இவர்களுடைய மகள் ஸ்டெபி."

முதல் தடவை கேட்டபோது அம்மா முக்காட்டைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். இரண்டாம் தடவை அதுவும் செய்யவில்லை. ஸ்டெபி இரண்டு தடவையும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது அவள் அப்பா, பிடிக்கத் தடையுள்ள கடலட்டையைக் கடத்திய வழக்கில் பிடிபட்டார். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. தரையில் சாக்கு மூட்டைகள். பின்னால் வரிசையாக நாலு பேர். இடதுபக்கக் கடைசியில் இனிகோ, கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு, போட்டோ எடுப்பவர்களைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் லேசாகச் சிரித்தபடி. அந்தச் சிரிப்பைத்தான் ஸ்டெபியால் தாங்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் பேர் 'அட்டை' ஆயிற்று. ஆறு மாதத்தில் அம்மா வேம்பாரை விட்டுவிட்டு அவளோடு தூத்துக்குடிக்கு வந்து, தையல் மிஷின் ஒன்றோடு மாடி வீட்டில் குடியேறினாள். பாளையங்கோட்டை ஜெயிலில் பதினெட்டு மாதம் இருந்துவிட்டு வெளியே வந்த அப்பா வீட்டுக்கு வரவில்லை. கொச்சி பக்கம் போய்விட்டார் என்று சொன்னார்கள். அவரே வராமல் இருந்தது அம்மாவுக்குச் சௌகரியமாக இருந்தது. ஸ்டெபிக்கும்தான்.

விலங்கியல் படித்தபோது இரண்டாம் வருடம், பரிசோதனைக்கூட அலமாரியில் பாட்டிலுக்குள் ஒரு கடலட்டை இருந்தது. பயந்துபோனால் தன் குடலைத் தானே வெளியே தள்ளிவிட்டுத் தப்பிக்கும், குடல் பிறகு வளர்ந்துகொள்ளும் என்று பேராசிரியை சொன்னார். எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஸ்டெபியும் எழுதினாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. அப்படியும் அவளுக்குக் காது சுட்டது.

இப்படிப்பட்டவளிடம்தான், மூன்று வாரத்துக்கு முன்னால், கோயிலின் பங்கு அலுவலகத்தில், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் திருமணப் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டார், "அப்பா?"

உபதேசியாருக்கு எழுபதை ஒட்டிய வயது. வலது காதில் கேட்கும் கருவி. முப்பது வருடமாக அந்தப் பங்கின் பதிவேடுகள் எல்லாம் அவர் கையெழுத்துதான். ஞானஸ்நானச் சான்றிதழுக்கு நாலைந்து பேர் பின்னால் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல," என்றாள் ஸ்டெபி.

வீட்டில் இல்லை என்றாலும் இல்லைதான். ஊரில் இல்லை என்றாலும் இல்லைதான். உலகத்திலேயே இல்லை என்றாலும் அதே இல்லைதான். அவள் சொன்னது அந்த ஒரு சொல். உபதேசியார் எழுதினார். பின்னால் நின்ற ஒரு அம்மா தனக்கென்று பிடித்து வைத்திருந்த நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டாள். ஸ்டெபி உட்காராமலே கையெழுத்துப் போட்டாள். இவ்வளவுதான் நடந்தது. இவ்வளவுதான் நடந்தது என்று மூன்று வாரமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள். "அம்மா, அப்பா போன் பண்ணினாங்க."

மிஷின் நிற்கவில்லை. நைட்டி ஒன்றின் கழுத்து வளைந்து வளைந்து ஊசிக்கடியில் போய்க்கொண்டிருந்தது.

"எந்த அப்பா?"

"ஞாயித்துக்கிழம ஓலை கேக்க வாராங்களாம்."

இப்போது மிஷின் நின்றது. பிளாரன்ஸ் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நல்லாருக்கு. செத்தவரு எந்திச்சு வந்து எங்கன உக்காருவாராம்?"

"அவங்களுக்குத் தெரியாதும்மா, அப்படி எழுதியிருக்குன்னு."

"நீ என்னன்னு சொன்ன உபதேசியாருகிட்ட?"

"இல்லன்னு."

"பிறவு என்ன? பொண்ணு பாக்க வந்தவங்க கேட்டப்ப நானும் இல்லன்னுதான் சொன்னேன். எனக்கு இல்லதான? பன்னண்டு வருசமா இல்லதான? அதுல என்ன பொய்யி இருக்கு? அவங்க ஒண்ணு நெனச்சா அது அவங்க பாடு." மிஷினை மிதிக்கப் போனவள் மறுபடியும் நிறுத்தினாள். "வரவேண்டாம்னு சொல்லிரு."

"நீ சொல்லேம்மா."

"எனக்கும் அவருக்கும் பேச்சில்ல. செத்தவர்ட்ட யாரு பேசுவா?"

சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். எழுந்து போய் மகளுக்குக் காப்பி போட்டாள். சீனி போட மறந்திருந்தாள். ஸ்டெபி கேட்காமல் குடித்தாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஸ்டெபி காத்து நின்ற பஸ் ஸ்டாண்டில், நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து இனிகோ வந்து இறங்கினார். அவள்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டாள். பேப்பரில் இருந்தவர் பருமனாக இருந்தார். இவர் அதில் பாதி. தலைக்குப் புதிதாகச் சாயம் அடித்திருந்தார். நெற்றி ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு ஒட்டியிருந்தது. கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் மடிப்புக் கலையாமல் இருக்க அட்டையோடு வைத்த புது வெள்ளைச் சட்டை.

"வா...ங்க," என்றார் மகளிடம். வா என்பதா வாங்க என்பதா என்று நடுவில் தடுமாறி, கடைசியில் மரியாதையில் போய் விழுந்தார்.

"நீங்க வாங்கப்பா," என்றாள்.

"ஒண்ணும் வாங்கிட்டு வரல. உனக்கு என்ன புடிக்கும்னு தெரியல," என்றார். அவள் பரவாயில்லை என்றாள்.

எதிரே இருந்த ஓட்டலில் உட்கார்ந்தார்கள். அவர் இட்லியைப் பிய்த்துக்கொண்டு, சாப்பிடாமல், ஒவ்வொன்றாகக் கேட்டார். மாப்பிள்ளை துறைமுகத்தில் என்ன வேலை? கண்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுகிறார். பேர்? டிக்சன். நல்லவனா? ம். இவள் என்ன படித்தாள்?

"ஸுவாலஜி."

"அப்படின்னா?"

"உயிரினங்களைப் பத்தி."

"அட்டையும் வருமா அதுல?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"வரும்."

"பாரேன்," என்று சந்தோஷப்பட்டார். "நானும் அதத்தான் படிச்சிருக்கேன், பதினெட்டு மாசம்."

அவள் சிரிக்க முயன்றாள். பக்கத்து மேஜையில் யாராவது கேட்டுவிட்டார்களா என்று பார்த்தாள். பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். இனி அந்த ஓட்டலில் இருக்கும்வரை அவர் அதைவிடச் சத்தமாகப் பேச மாட்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது. தன்மேல் ஒரு அருவருப்பு வந்தது.

"ஏளா, ஓலையில இனிகோன்னு மட்டும் போட்டிருக்கா, சந்தன இனிகோன்னு முழுப் பேரும் போட்டிருக்கா?" என்று ரகசியம் மாதிரிக் கேட்டார்.

இதற்கு மேல் தள்ளிப்போட இடமில்லை. நேற்று இரவு முழுவதும் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை எடுத்தாள்.

"ஓலையில ஒரு தப்பு நடந்துபோச்சுப்பா."

"பேரு தப்பா?"

"பேருக்கு முன்னால... காலஞ்சென்றன்னு எழுதிட்டாங்க."

இனிகோ இட்லியைப் பார்த்தார். சாம்பாரைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் அந்தப் பேப்பர் சிரிப்பு வந்தது.

"நான் செத்துட்டனா?"

அவள் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எத்தன வாரமா?"

"ரெண்டு."

"ரெண்டு வாரமாச் செத்துக்கிடக்கேன், ஒரு பய ஒரு மால போடலியே," என்றார். சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. எங்கே போவது என்று அதற்குத் தெரியவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"நீ சொன்னியாளா?"

"நான் இல்லன்னுதான்ப்பா சொன்னேன்."

"இல்லன்னா? ஊர்ல இல்லன்னா?"

அவரே எடுத்துக் கொடுத்தார். பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

"ஆமா. ஊர்ல இல்லன்னுதான். உபதேசியாரு தப்பா எழுதிட்டாரு. அவருக்குக் காது சரியாக் கேக்காது."

அவர் முகம் தெளிந்த வேகம் இருக்கிறதே, அதை ஸ்டெபி வாழ்நாளில் மறக்கப் போவதில்லை. தோள் இறங்கியது. ஒரு பெருமூச்சு விட்டு, ஆறிப்போன இட்லி இரண்டையும் தின்று முடித்தார். "அதான பாத்தேன்," என்று வாய்க்குள் இட்லியோடு சொன்னார். "ஒரு நிமிசம் பயந்தே போயிட்டேன், கேட்டியா."

பிறகு அவருக்குக் கோபம் வந்தது. நல்ல, ஆரோக்கியமான கோபம். உயிரோடு இருக்கிறவனைச் செத்தவன் என்று எழுதுவானா? கோயிலில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிற எழுத்தா இது? இன்றைக்கே போய்ப் பார்க்க வேண்டும்.

"வேண்டாம்ப்பா. நான் பேசி மாத்தச் சொல்லுதேன்."

"நீ என்னத்தப் பேசுவ? உனக்கு வாய் உண்டா? சின்னதுலயே கிடையாது. நான் பேசுதேன். மாப்ளைக்குத் தெரியுமா, நான் இருக்கேன்னு?"

"தெரியாது."

"அப்ப மொதல்ல அவருகிட்ட சொல்லு. ஓலை அவரு பங்குலயும் வாசிச்சிருப்பாங்கல்லா? அங்கயும் மாத்தணும்."

ஓட்டல் வாசலில் நின்றுகொண்டு டிக்சனைக் கூப்பிட்டாள். அப்பா இருக்கிறார், 'இல்லை' என்று நாங்கள் சொன்னது ஊரில் இல்லை என்ற அர்த்தத்தில், உபதேசியார் தப்பாக எழுதிவிட்டார். இந்தத் தடவை வாக்கியம் வழுக்கிக்கொண்டு வந்தது. டிக்சனுக்குப் பின்னால் கிரேனின் எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டிருந்தது.

"எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான நெனச்சோம்," என்றான். "எங்கம்மா உங்கப்பா ஆத்துமத்துக்கு ரெண்டு ஜெபமால சொல்லிருக்காங்க, தெரியுமா?"

"ஸாரி."

"நீ எதுக்கு ஸாரி சொல்லுத? அந்த உபதேசியாருல்லா சொல்லணும். மூணு மணிக்கு ஷிப்ட் முடியும். நேரா கோயிலுக்கு வாரேன்."

மூன்றரைக்குக் கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு டிக்சன் வந்தான். இனிகோ எழுந்து நின்றார். கையைக் கொடுப்பதா கும்பிடுவதா என்று பார்த்துவிட்டு, இரண்டும் செய்யாமல், முதல் வேலையாகச் சொன்னார்:

"மாப்ள, நாளைக்கு யாராவது சொல்லி நீங்க கேட்கக் கூடாது. நான் அட்டை கேஸ்ல உள்ள இருந்தவன். ஒண்ணரை வருசம்."

பன்னிரண்டு வருடமாக ஸ்டெபி ஒளித்து வைத்திருந்தது, மரத்தடியில் அரை நிமிடத்தில் வெளியே வந்து விழுந்துவிட்டது.

"அட்டைதான மாமா?" என்றான் டிக்சன். "எங்கம்ம கூடப் பிறந்தவரு ஜெஸ்டின் மாமா மூணு தடவ போயிட்டு வந்திருக்காரு. கல்யாணத்துக்கு அவருதான் சமையல் மேற்பார்வ. பந்தியில பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஜெயில் களி நல்லாருந்துச்சா இது நல்லாருக்கான்னு பேசிக்குங்க."

இனிகோ வாய்விட்டுச் சிரித்தார். டிக்சனும் சிரித்தான். அவ்வளவுதான் அது. இதற்காகவா, என்று ஸ்டெபி நினைத்தாள். இதற்காகவா.

"என்ன ஸ்டெபி, உனக்கு முகமே சரியில்ல?"

"ஒண்ணுமில்ல. திங்கக்கிழம வந்து பேசிக்கலாமே. இன்னிக்கு வேண்டாம்."

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வாசிக்கப் போறாங்க. திங்கக்கிழம பேசி என்ன செய்ய?" என்று அவன் முன்னால் நடந்தான். அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு அவன் பின்னால் போனார். இரண்டு பேரும் அவளுக்காகச் சண்டை போடப் போகிறார்கள். அவள் கடைசியாக உள்ளே நுழைந்தாள்.

அலுவலகத்தில் பங்குச் சாமியாரும் இருந்தார். இளவயசுக்காரர், வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. விஷயத்தை டிக்சன் சொன்னான். சாமியார் படிவத்தை எடுக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு எதிரே நின்ற உயிருள்ள இனிகோவைப் பார்த்தார்.

"உபதேசியார்," என்றார். சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக. "கேட்டுத்தானே எழுதினீங்க?"

"கேட்டேன் சாமி," என்றார் கிழவர். எழுந்து நின்றிருந்தார். "கேக்காம எழுத மாட்டேன்."

"என்னத்தக் கேட்டீரு?" என்றார் இனிகோ. "எம் பிள்ள ஊர்ல இல்லன்னு சொன்னா, நீரு உலகத்துலயே இல்லன்னு எழுதுவீரா? ஒத்த எழுத்து எழுதுமுன்ன உயிரோட இருக்காரா இல்லியான்னு கேக்கப்படாதா?"

"கேட்டேன்யா. கேட்ட மாதிரிதான்..." உபதேசியார் கையைக் காதுக்குக் கொண்டுபோய்க் கருவியைத் தொட்டுப் பார்த்தார். "யாரோ சொன்னாங்க சாமி. இந்தப் பிள்ளையா, வேற பிள்ளையா..."

அவர் ஸ்டெபியைப் பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. அப்படி இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். வழி தெரியாமல் நிற்கிறவன் எதிரே வருகிறவரைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"ஏம்மா, நான் கேட்டேன்லா?"

ஸ்டெபி மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுகிட்ட ஏன் கேக்கீரு? அது பேசாத பிள்ள," என்றார் இனிகோ. "எம் பிள்ள வாயில அப்படி ஒரு சொல்லு வருமா சாமி? பன்னண்டு வருசம் கழிச்சுக் கூப்பிட்டேன். ஏன் வாரீருன்னு ஒரு வார்த்த கேக்கல. சரின்னு சொல்லிச்சி. காலைல பஸ் ஸ்டாண்டுல வந்து எனக்காக நிக்கிது. அதா நான் செத்துட்டேன்னு சொல்லும்?"

"போன மாசம் உயிரோட இருக்கிற டயானா டீச்சரம்மா பேர இறந்தோர் பூசையில வாசிச்சீங்க," என்றார் சாமியார் உபதேசியாரிடம். "அந்த அம்மா முன்வரிசையில உக்காந்திருந்தாங்க. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்ப இது."

"அது காகிதம் மாறிப்போச்சு சாமி."

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கு. இது போதும் உபதேசியார். முப்பது வருசம் பாத்துட்டீங்க. பதிவேட்டை எல்லாம் திங்கக்கிழமையிலருந்து வேற ஆள் பாக்கட்டும். நீங்க மணியடிக்கிறதை மட்டும் பாத்துக்கங்க."

டிக்சனுக்கே சங்கடமாகப் போய்விட்டது. "அவ்வளவுக்கு வேண்டாம், ஃபாதர். அந்த ஒரு வார்த்தைய அடிச்சிட்டா போதும்," என்றான்.

உபதேசியார் இழுப்பறையைத் திறந்து சிவப்பு மை பேனாவை எடுத்தார். படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, காலஞ்சென்ற என்பதன்மேல் அளவுகோலை வைத்து நேராக ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில் தேதி போட்டார். தேதி சரிதானா என்று சுவரில் இருந்த காலண்டரை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு எழுதியதைப் பார்த்தார். மறுபடியும் காலண்டரைப் பார்த்தார்.

"எந் தப்புதான் சாமி," என்றார். "நான் கேட்டேன்னுதான் நெனச்சேன். கேக்கல போல. இப்பல்லாம் என்னால உறுதியாச் சொல்ல முடியல."

இனிகோவின் கோபம் அதோடு இறங்கிவிட்டது. அவர் போய்க் கிழவரின் தோளைத் தொட்டார். "விடும்யா. நானே செத்தவன் மாதிரிதான் இருந்தேன். உம்ம மேல தப்பில்ல," என்றார். பிறகு திரும்பி மகளைப் பார்த்து, எல்லாம் சரியாகிவிட்டது என்பது போல் தலையசைத்தார். நாளைக்கு ஆறு மணிக்கு அவர் பேர், சந்தன இனிகோ என்ற முழுப் பேர், முன்னால் எதுவும் இல்லாமல், ஒலிபெருக்கியில் வரும். அவர் புது வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார். அவள் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. இந்த அறையை விட்டு வெளியே நடந்தால் போதும்.

உபதேசியார் பேனாவை மூடியால் மூடினார். மூடி சரியாக விழவில்லை. இரண்டாவது தடவை மூடினார்.

"ஃபாதர்," என்றாள் ஸ்டெபி.

சத்தம் வரவில்லை. யாரும் திரும்பவில்லை. சாமியார் எழுந்து நாற்காலியைத் தள்ளினார்.

"ஃபாதர், அவரு கேட்டாரு."

எல்லாரும் திரும்பினார்கள். அப்பாவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்துவிட்டாள். அவர் முகத்தில் இன்னும் அந்தத் தலையசைப்பு மிச்சமிருந்தது.

"நான் இல்லன்னு சொன்னதும் அவரு எழுதல. பேனாவ வச்சிட்டு, காலமாயிட்டாராம்மான்னு கேட்டாரு. ரெண்டு தடவ கேட்டாரு. நான் ஆமான்னு சொன்னேன்."

"ஏளா," என்றார் இனிகோ மெதுவாக. போதும் என்பதைப் போல.

"என்ன ஆச்சும்மான்னு கேட்டாரு," என்றாள் அவள். இப்போது குரல் தெளிவாக வந்தது, உபதேசியாருக்கும் கேட்கும்படி. "கடலுக்குப் போனவங்க வரல, உடம்புகூடக் கிடைக்கலன்னு சொன்னேன்."